எஸ்விஎன்: $ரெவ்$ சில பைல்களிலை மட்டும் விரியுதில்லை. உதவி தேவை

வாய்க்கால்_214 (கிளிநொச்சி):
குளத்து நீர்மட்டம் காட்டுற புரோகிராம், எஸ்விஎன் (சப்வேர்ஷன், பைல் மாற்றங்களை இலக்கம் போட்டுப் பதிஞ்சு வைக்கிற மென்பொருள்) 1.14, விண்டோஸ். பழைய சி பைல்களிலை $ரெவ்$ விரியுது, அதாவது அந்த இடத்திலை மாற்ற இலக்கம் வருது. புதுசா அட் பண்ணின பைல்களிலை அப்பிடியே கிடக்கு. ஃபோல்டருக்கு எஸ்விஎன்:கீவேர்ட்ஸ் (எந்தச் சொல் விரியோணும் எண்டு சொல்லுற அமைப்பு) போடப் பாத்தும் பலனில்லை. திரைக்கான தமிழ்ச் சொல் பைலுக்குத் தனியாப் போட்டும் விரியேல்லை. விரியிற இடத்திலையும் 214 எண்டுதான் நிக்குது. றிப்போ (எல்லாப் பைலும் அதின்ரை வரலாறும் கிடக்கிற சேமிப்பு) இப்ப 231.

மாங்குளம்_சந்தி:
தம்பி, மூண்டும் வேற வேற பிரச்சினை.

எஸ்விஎன்:கீவேர்ட்ஸ் பைலுக்குத்தான் வேலை செய்யும். ஃபோல்டரிலை அதைப் போட எஸ்விஎன் விடாது. ஒவ்வொரு பைலுக்கும் எஸ்விஎன் புரொப்செட் கட்டளை குடுத்து கொமிட் பண்ணுங்கோ (மாற்றத்தை றிப்போவிலை பதியுங்கோ). ரெவ், ஐடி (பைல் பெயர், இலக்கம், திகதி எல்லாம் சேர்ந்தது) ரெண்டும் வேணுமெண்டால் நடுவிலை இடைவெளி. கொமா போட்டால் ரெண்டையும் ஒரே சொல்லா எடுத்து, பிழையெண்டும் சொல்லாமல் விட்டிடும். ஆங்கிலத்திலை தட்டேக்கை முதலெழுத்து மட்டும் பெரிசு.

இனி அட் பண்ணுற பைல்களுக்கு றூட் ஃபோல்டரிலை எஸ்விஎன்:ஓட்டோ-புரொப்ஸ் போடுங்கோ (1.8 இலிருந்து இருக்கு). ஏற்கெனவே உள்ளதை அது தொடாது.

214 பிழையில்லை. ரெவ் எண்டது அந்தப் பைல் கடைசியா மாறின இலக்கம், றிப்போவின்ரை இலக்கமில்லை. முழுத் தொகுப்பின்ரை இலக்கத்துக்கு பில்ட் ஸ்கிரிப்டிலை எஸ்விஎன்வேர்ஷன் எண்ட கட்டளையை ஓட்டி, வாறதை ஒரு ஹெடர் பைலிலை எழுதுங்கோ. 214:231 எண்டு வந்தால் பைல்கள் வேற வேற இலக்கத்திலை நிக்குது, முதல் அப்டேட் செய்யோணும்; கடைசியிலை எம் எழுத்து நிண்டால் கொமிட் பண்ணாத மாற்றம் கிடக்கு. அப்பிடிப்பட்ட பில்டை வாய்க்கால் கட்டிலை இருக்கிற பெட்டியிலை ஏத்தவே வேண்டாம்.

தமிழ்ப் பைலை நோட்பாட்டிலை "யூனிகோட்" எண்டு சேவ் பண்ணினீங்களோ?

வாய்க்கால்_214:
ஓம் அண்ணை. பழைய நோட்பாட்.

மாங்குளம்_சந்தி:
அதுதான் காரணம். அந்த "யூனிகோட்" யூடிஎஃப்-16, ஆங்கில எழுத்துக்கும் ரெண்டு பைட் எடுக்கிற முறை. டொலர் குறி, ஆர், ஈ, வி ஒவ்வொண்டுக்கும் பக்கத்திலை ஒரு பூச்சிய பைட் நிக்கும். எஸ்விஎன் தேடுறது அடுத்தடுத்து நிக்கிற பைட்டுகளை. அது அங்கை இல்லை. அதே பூச்சியங்களாலை அட் பண்ணேக்கையே பைனரி எண்டு மைம்-டைப்பும் (பைல் வகைக் குறிப்பு) விழுந்திருக்கும், டிஃபும் (என்ன மாறினதெண்ட ஒப்பீடு) காட்டாது.

யூடிஎஃப்-8 ஆக சேவ் பண்ணி, எஸ்விஎன் புரொப்டெல் கட்டளை குடுத்து எஸ்விஎன்:மைம்-டைப்பை எடுத்து, பிறகு கொமிட். மைம்-டைப்பை எடுக்க மறந்தால் கீவேர்ட் விரிஞ்சாலும் டிஃப் வராது.

பரந்தன்_வயல்:
கிட்டுக்கு (எஸ்விஎன் மாதிரி இன்னொரு மென்பொருள்) மாறுற யோசனை இருந்தால் ஒண்டு கவனியுங்கோ. கிட்அட்ரிபியூட்ஸ் பைலிலை ஐடென்ட் போட்டால் $ஐடி$ மட்டுந்தான் விரியும். வாறது 40 எழுத்து புளொப் ஹாஷ் (பைல் உள்ளடக்கத்திலை இருந்து கணக்கிடுற அடையாளம்), கொமிட் இலக்கமில்லை. செக்கவுட்டிலைதான் (றிப்போவிலை இருந்து பைலை எடுக்கேக்கைதான்) விரியும், பைலை அழிச்சுத் திரும்ப எடுத்தால்தான் தெரியும். அங்கை கிட் டிஸ்கிரைப் --டேர்ட்டி குடுத்து பில்டிலை சேர்க்கிறதுதான் சரி.

வாய்க்கால்_214:
சொல் பைலை மாத்திப்போட்டன், 232 எண்டு விரியுது. டிஃபும் வருது. மற்ற பைல்களுக்கு இப்ப புரொப்செட் குடுக்கிறன்.