மறு: மிக்ஸிங், மிக்ஸ்டவுன் – இரண்டுக்கும் ‘ஒலிக்கலவை’ போதுமா?

அனைவருக்கும் வணக்கம்.

தனித்தனித் தடங்களாகப் பதிவான குரலையும் கருவிகளையும் ஒரே பாட்டாகச் சேர்க்கும் மிக்ஸிங்குக்கும், அதை முடித்து வெளியே எடுக்கும் மிக்ஸ்டவுனுக்கும் தமிழில் என்ன சொல்லலாம் என்று பினாங்கு அக்கா தம் வகுப்புக் குறிப்பேட்டுக்காகக் கேட்ட கேள்விக்கு இதுவரை வந்த மடல்களைப் படித்துவிட்டேன். ‘ஒலிக்கலவை’ இருக்கும்போது புதுச்சொல் எதற்கு என்றுதான் பலரும் எழுதியிருக்கிறீர்கள். அது சினிமாவில் புழங்கிய சொல், அதற்கு ஒரு மரியாதை உண்டு. ஆனால் நான் கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸில் ஒரு கடையின் மேல்மாடி அறையில் பல வருடமாக இந்த வேலையைப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்து வருகிறேன். ‘கலவை’ என்ற சொல் கற்றுக்கொள்பவரின் காதைத் தப்பான பக்கம் திருப்பிவிடுகிறது என்பதைத் திரும்பத் திரும்பப் பார்த்திருக்கிறேன். அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

போன மாதம் உறுமி மேளக் குழுவில் வாசிக்கும் ஒரு தம்பி, குழு பதிவுசெய்த பாட்டைக் கொண்டுவந்தான். மொத்தம் 22 தடங்கள். உறுமி, தவில், நாதஸ்வரம், கீபோர்டு, பேஸ் கிட்டார், ஒரு முதன்மைக் குரல், நாலு பேர் கோரஸ். வீட்டிலேயே மிக்ஸிங் முடித்திருந்தான். போட்டுக் கேட்டால் எல்லாம் குழைந்துபோய் ஒரே திரளாக வருகிறது. உறுமி அடிக்கிறார்கள் என்று தெரிகிறது, உறுமுவது கேட்கவில்லை. எப்படிச் செய்தாய் என்று கேட்டேன். “கலவைதானேண்ணே, எல்லாத்தையும் நல்லா கலந்துட்டேன்” என்றான். தடங்கள் அத்தனையையும் நடுவிலேயே வைத்து, மொத்தப் பாட்டின் மேல் ஒரே ரிவெர்ப்பை (ஒலிக்குப் பின் தொடரும் அறை முழக்கம்) கனமாகப் பூசியிருந்தான். ஒட்டிக்கொள்ள வேண்டும் என்பதற்காகப் பூசினானாம். அவன் காதில் குறை ஒன்றும் இல்லை. சொல் சொன்னதைச் செய்திருக்கிறான்.

அன்று மூன்று மணி நேரம் உட்கார்ந்தோம். பூசியிருந்த ரிவெர்ப்பை எடுத்துவிட்டு முதலில் உறுமியைத் தனியாகத் திறந்தோம். உறுமிக்கு இரண்டு பக்கமும் தோல், பக்கத்துக்கு ஒரு மைக் வைத்துப் பதிவு செய்திருந்தார்கள். தனித்தனியாகக் கேட்டால் இரண்டும் கனமாக இருக்கின்றன, சேர்த்துக் கேட்டால் தகரம் மாதிரி ஒலிக்கிறது. காரணம் எளிது. ஒரு பக்கம் அடிக்கும்போது அந்தத் தோல் தன் மைக்கை விட்டு உள்ளே போகிறது. உள்ளே இருக்கும் காற்று தள்ள, மறுபக்கத் தோல் தன் மைக்கை நோக்கி வெளியே வருகிறது. ஒரு தடத்தில் அலை ஏறும்போது இன்னொன்றில் இறங்குகிறது. கூட்டினால் ஒன்றின் அடிநாதத்தை மற்றது தின்றுவிடும். ஒரு தடத்தில் அலையைத் தலைகீழாக்கும் போலாரிட்டி பொத்தானை அழுத்தச் சொன்னேன். அழுத்தினான். அறைக்குள் உறுமி வந்து உட்கார்ந்தது. அவன் நாற்காலியை விட்டு எழுந்தே விட்டான்.

அப்புறம் குரல். சுமார் 2,000 முதல் 4,000 ஹெர்ட்ஸ் வரையுள்ள பகுதியில் நம் காது மிகக் கூர்மையானது. குரலின் சொற்கள் தெளிவதும் அங்கே, நாதஸ்வரத்தின் காரமும் அங்கே. ஒன்று மற்றதை மூடிவிடும். நாதஸ்வரத்தைச் சற்று இடப்பக்கம் நகர்த்தி, குரல் வரும் அடிகளில் மட்டும் 3,000 ஹெர்ட்ஸை ஒட்டி மூன்று டெசிபல் குறைத்தோம். குரல் தடத்தில் 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டினோம். அங்கே குரல் இல்லை, துன் சம்பந்தன் சாலையில் மோனோரயில் போகும் அதிர்வுதான் இருந்தது. குரலை எங்கள் அறையிலேயே பதிவு செய்திருந்தார்கள், அது இந்தத் தெருவின் வரம்.

கடைசியில் அவன் சொன்ன வாக்கியத்தை அப்படியே எழுதுகிறேன்: “இப்ப ஒவ்வொண்ணும் தனியா கேக்குதுண்ணே, ஆனா ஒண்ணா இருக்கு.” மிக்ஸிங்குக்கு இதைவிட நல்ல வரையறை எனக்குத் தெரியாது. நாம் தேடும் சொல் இந்த வாக்கியத்தின் இரண்டு பாதியையும் தாங்க வேண்டும்.

‘கல’ முதல் பாதியைத் தாங்காது. செம்மண்ணில் விழுந்த மழைநீரைத் திரும்பப் பிரிக்க முடியாது, அந்தச் சேர்க்கைக்குத்தான் நம் மொழியில் கலத்தல் என்று பெயர். சிமெண்டும் மணலும் கலவை. பாலில் தண்ணீர் கலப்படம். கலக்கினால் குட்டை குழம்பும். மலாயிலும் இதே நிலைதான். அவர்கள் ‘அடுனான்’ என்கிறார்கள், பிசைந்த மாவுக்கும் அதே சொல். அவர்களுக்கு அது நன்றாகவே ஓடுகிறது. மலாய் மொழிக்கு 1956 முதல் தேவான் பாஹாசா டான் புஸ்தாகா என்ற அரசு மொழி நிறுவனம் இருக்கிறது, சொல்லை எடை போட்டுப் பார்த்து நிலைநிறுத்த அங்கே ஆள் இருக்கிறார்கள். நமக்கு இருப்பது வகுப்பறையும் இந்த மடற்குழுவும். அதனால் சொல்லே பாதிப் பாடத்தைச் சொல்லிக்கொடுத்தால் நல்லது.

என் பரிந்துரை ‘இழைப்பு’. முழுதாகச் சொன்னால் ஒலியிழைப்பு.

வயலின் குரலோடு இழைந்து வருகிறது என்று கச்சேரி பார்த்துவிட்டு வருகிற யாரும் சொல்வார்கள். அங்கே வயலினும் கேட்கிறது, குரலும் கேட்கிறது. இது ஒரு பக்கம். இன்னொரு பக்கம் கல் இழைத்த அட்டிகை. பத்தர் ஒவ்வொரு கல்லுக்கும் ஓர் இருக்கை செய்கிறார். எது நடுவில், எது ஓரத்தில், எது அரை நூல் உயர்ந்து நிற்க வேண்டும் என்று பார்த்துப் பார்த்துப் பதிக்கிறார். எந்தக் கல்லும் கரைவதில்லை, ஆனால் கழுத்தில் போட்டால் கண்ணுக்குத் தெரிவது ஒரே நகை. ஒலியை இடம் வலமாக நகர்த்திப் பேன் செய்வதும், சத்த அளவுக்கான ஃபேடரை ஏற்றி இறக்குவதும், கனத்த ஒலி, கூரிய ஒலிப் பகுதிகளைக் கூட்டிக் குறைக்கும் ஈக்யூவில் செதுக்குவதும் இதே வேலைதான். ‘இழை’ தன்வினையாகவும் பிறவினையாகவும் நிற்கிறது என்பது கூடுதல் வசதி. கருவிகள் இழைகின்றன, நாம் இழைக்கிறோம். இழைப்பாளர், இழைப்பறை, மறு இழைப்பு என்று சிரமமில்லாமல் கிளை விடுகிறது.

நம் மரபும் இதற்குத் துணை நிற்கிறது. சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதையில் மாதவி ஆடும்போது குழலின் வழி யாழ் நிற்கிறது, யாழின் வழி தண்ணுமை, அதன் பின்வழி முழவு, முழவோடு கூடி ஆமந்திரிகை என்ற கருவி. இளங்கோவடிகள் ஒன்றை ஒன்றில் கரைக்கவில்லை. வரிசையாக நிற்கவைத்து, கூடி ஒலிக்கவைக்கிறார். எது எதைப் பார்த்து நிற்க வேண்டும் என்ற வரிசை உட்பட அங்கே இருக்கிறது. என் வகுப்பில் ஃபேடர் ஏற்றும் முறையைச் சொல்லித்தர இந்த இடத்தைத்தான் எடுத்துக்கொள்கிறேன்.

மறுப்புகளுக்கு வருகிறேன்.

> ‘தீங்கு இழைத்தல்’, ‘அநீதி இழைத்தல்’ என்று வழக்கு இருக்கிறதே?

இருக்கிறது ஐயா. ஆனால் அங்கே கெட்ட பொருள் தீங்கிலும் அநீதியிலும் இருக்கிறது, இழைத்தலில் இல்லை. சந்தனம் இழைப்பதும் அதே வினைதான்.

> விவாதத் தொடருக்கும் நூலுக்கும் ‘இழை’ என்கிறோம், குழப்பம் வராதா?

‘ஒலியிழைப்பு’ என்று முழுச்சொல்லாக வரும்போது வராது. தச்சர் பலகை இழைப்பதையும் ஒருவர் நினைவூட்டினார். வேண்டாத சிராயைச் சீவி எடுப்பதும் இந்த வேலையில் பாதி என்பதால் அதை நான் தடையாகப் பார்க்கவில்லை.

இனி மிக்ஸ்டவுன். அக்காவின் உண்மையான சிக்கல் இங்கேதான் இருக்கிறது. இரண்டும் ஒன்று என்று பலரும் நினைக்கிறார்கள். மிக்ஸிங் என்பது நாள்கணக்கில் நடக்கும் வேலை, எப்போது வேண்டுமானாலும் திரும்பப் போய் மாற்றலாம். மிக்ஸ்டவுன் அந்த வேலையின் முடிவில் எல்லாத் தடங்களையும் இரண்டு தடமாக எழுதி வெளியே எடுக்கும் கணம். அதற்குப் பிறகு அந்தக் கோப்புக்குள் போய் உறுமியை மட்டும் ஏற்ற முடியாது. காந்த நாடாவில் பதிவு செய்த காலத்தில் இந்த வேறுபாடு கையிலேயே உறைத்தது. 1957-இல் கிட்டார் கலைஞர் லெஸ் பாலுக்கு ஆம்பெக்ஸ் நிறுவனம் எட்டுத் தட நாடாப் பதிவு இயந்திரம் செய்து கொடுத்தது, ஆனால் அதற்குப் பின்னும் பல வருடம் பெரும்பாலான ஒலிப்பதிவுக் கூடங்களில் மூன்று, நாலு தடம்தான். இடம் தீர்ந்தால் இருப்பவற்றைச் சேர்த்து ஒரே தடமாக எழுதி, காலியான தடங்களில் அடுத்த கருவியைப் பதிவார்கள். எழுதியது எழுதியதுதான். இன்று கணினியில் பழைய கோப்பு பத்திரமாக இருப்பதால் பிள்ளைகளுக்கு அந்தப் பயம் இல்லை. நல்லதுதான். ஆனால் முடிவெடுக்கவும் தெரியாமல் போகிறது. ஒரே பாட்டுக்கு நாற்பது ‘கடைசி’ கோப்பு வைத்திருக்கும் பையன்கள் என் வகுப்பில் உண்டு.

வந்த யோசனைகளில் ‘கீழ்க்கலவை’ எனக்கு ஒப்பவில்லை. தடங்களின் எண்ணிக்கை குறைவதைத்தான் ஆங்கிலச் சொல்லின் பின்பாதி குறிக்கிறது, தமிழில் ‘கீழ்’ என்றதும் தரம் குறைந்தது என்றுதான் தோன்றும். ‘கலவையிறக்கம்’ அழகான சொல். அடுப்பிலிருந்து இறக்குவதும் தைலம் இறக்குவதும் நினைவுக்கு வருகின்றன. ஆனால் பதிவிறக்கம் என்ற சொல் எல்லார் கைப்பேசியிலும் இருக்கிறது. ‘இறக்கம்’ என்றாலே பிள்ளைகள் இணையத்திலிருந்து எடுப்பது என்றுதான் நினைக்கிறார்கள், வகுப்பில் சொல்லிப் பார்த்துவிட்டேன். ‘இசைத்திரட்டு’ என்றால் பல பாடல்களின் தொகுப்பு என்று ஆகிவிடும். திரட்டுப்பால் உவமை சொன்ன அக்காவுக்கு என் நன்றி, அது மனதை விட்டுப் போகவே இல்லை.

நான் சொல்ல விரும்புவது ‘வார்ப்பு’.

சுவாமிமலையில் ஸ்தபதிகள் செப்புத்திருமேனி செய்யும் முறையை நினைத்துப் பாருங்கள். முதலில் மெழுகில் உரு. விரல் வளைவு சரியில்லை என்றால் மாற்றலாம், மூக்கைக் கூராக்கலாம், பத்து நாள் வைத்துப் பார்க்கலாம். பிறகு மண் பூசி, மெழுகை உருக்கி வெளியேற்றி, அந்த இடத்தில் உலோகத்தை வார்க்கிறார்கள். வார்த்த பிறகு கையை வேறு பக்கம் வைக்க முடியாது. உளியால் செதுக்கலாம், அரத்தால் தேய்க்கலாம், மெருகு போடலாம். நம் வேலையும் இதே மூன்று நிலைதான். மெழுகு நிலை இழைப்பு. உலோகம் ஊற்றும் கணம் வார்ப்பு. அதற்குப் பின் மொத்தப் பாட்டையும் வெளியீட்டுக்குத் தயார்செய்யும் மாஸ்டரிங்குக்கு மெருகேற்றல் என்று சொன்னால் மூன்று சொற்களும் ஒரே பட்டறையிலிருந்து வந்தவை போல நிற்கும். மாஸ்டரிங் செய்பவரால் எதைச் சரிசெய்ய முடியும், எதை முடியாது என்ற பாடமும் கூடவே வந்துவிடும். குரல் சத்தம் குறைவாக வார்த்துவிட்டு, மெருகில் சரியாகிவிடும் என்று யாரும் சொல்லமாட்டார்கள்.

ஸ்டீரியோவுக்கு இருதட வார்ப்பு, மோனோவுக்கு ஒருதட வார்ப்பு. தாளம் தனியாக, குரல் தனியாக என்று பிரித்துக் கொடுப்பது பகுதி வார்ப்பு. தோசை வார்ப்பதை யாராவது சொல்வீர்கள். சொல்லுங்கள், சொல் வீட்டுக்குள் புழங்குவது என்பதற்கு அது சாட்சி.

ஃபேடர், மைக், ரிவெர்ப் இவற்றை விட்டுவிடலாம் என்பது என் கருத்து. கருவியின் பெயர் கருவியோடு வந்தது. செயலின் பெயர்தான் நம் வாயில் பிறக்க வேண்டும்.

சொற்கள் ஓடுகின்றனவா என்று பார்க்க, என் குறிப்பிலிருந்து ஒரு பத்தியை இந்தச் சொற்களில் எழுதிப் பார்த்தேன்:

“இழைப்பைத் தொடங்கும் முன் ஃபேடர் எல்லாவற்றையும் கீழே கொண்டு வா. பாட்டுக்கு உயிர் எந்தத் தடமோ அதை முதலில் ஏற்று, மற்றவை அதைப் பார்த்து ஏறட்டும். பெரும்பாலான நேரம் சத்தத்தைக் குறைத்தே கேள், காது களைக்காது. ஆனால் குறைந்த சத்தத்தில் அடிநாதம் உள்ளதைவிட மெலிந்து கேட்கும் என்று ஒலி ஆய்வாளர்கள் ஃப்ளெட்சரும் மன்சனும் 1933-இல் அளந்தே காட்டியிருக்கிறார்கள், அதனால் அங்கே உட்கார்ந்துகொண்டு பேஸை ஏற்றிவிடாதே. இடையிடையே ஒருதடமாக மாற்றிக் கேள். எந்தக் கருவி மெலிந்து மறைகிறதோ அங்கே அலைகள் மோதுகின்றன. எல்லாம் இழைந்துவிட்டது என்று தோன்றினால் அன்றைக்கு வார்க்காதே, தூங்கி எழுந்து ஒருமுறை கேள். வார்க்கும்போது மொத்த ஒலியின் உச்சம், கோப்பு தாங்கும் எல்லையான பூஜ்யத்துக்கு ஆறு டெசிபல் கீழே நிற்கட்டும், மெருகேற்றுபவருக்கு இடம் வேண்டும். 24 பிட்டில் வார்.”

எனக்கு நாக்கு எங்கேயும் தடுக்கவில்லை. பிள்ளைகளுக்கு எப்படி என்று சனிக்கிழமை வகுப்பில் பலகையில் எழுதிப்போட்டுப் பார்க்கிறேன். அக்கா, குறிப்பேடு அச்சுக்குப் போவதற்கு முன் உங்கள் பிள்ளைகளிடமும் இந்தப் பத்தியை ஒருமுறை வாய்விட்டுப் படிக்கச் சொல்லுங்கள். எந்த இடத்தில் நிறுத்துகிறார்கள், எந்தச் சொல்லுக்குப் பதிலாகத் தாங்களே ஆங்கிலச் சொல்லைப் போடுகிறார்கள் என்று குறித்து அனுப்பினால் போதும்.

மிக்ஸர் மேசைக்கு மட்டும் இன்னும் ஒரு சொல் அமையவில்லை. ‘இழைப்பி’ என்றால் இலக்கணம் சரி, ஆனால் காதுக்கு ஏதோ குறைகிறது. ‘இழைப்பு மேடை’ அந்தப் பெரிய மேசைக்குப் பொருந்துகிறது, கோயிலில் மைக் கட்டுபவர் கையில் எடுத்துப் போகும் நாலு தடப் பெட்டிக்குப் பொருந்தவில்லை. யாருக்காவது யோசனை இருந்தால் எழுதுங்கள்.

அன்புடன்,
பிரிக்ஃபீல்ட்ஸிலிருந்து