பழைய சர்ச் கட்டடத்தை வீடாக்கி வாடகைக்கு விடுறாங்க, பெரியவங்களோட தங்கலாமுங்களா?

நொய்யல்கரை:
ஜூன்ல இங்கிலாந்து போறமுங்க. ஆறு பேர். அதுல முழங்கால் வலியோட அம்மாவும் ரெண்டு வயசுக் குழந்தையும் உண்டு. யார்க்‌ஷயர்ல 19ஆம் நூற்றாண்டு மெதடிஸ்ட் சேப்பல் (ஒரு கிறிஸ்தவப் பிரிவோட சின்ன வழிபாட்டுக் கூடம்) ஒண்ணை வீடா மாத்தி வாரக்கணக்குல விடுறாங்க. சமையல் நம்முளுது. புக் பண்றதுக்கு முன்னாடி என்னென்ன கேக்கோணும்? சுத்தியும் கல்லறை இருக்குமான்னு அம்மா ஒரே கேள்வி.

கல்கட்டடம்:
போட்டோவை உட்டுப்போட்டு ப்ளோர் பிளான் அனுப்பச் சொல்லுங்க. சேப்பல் உள்ளுக்குள்ள ஒரே ஹால். நடுவுல ஒரு தளம் போட்டு பெட்ரூமை மேல ஏத்தியிருப்பாங்க, பாத்ரூம் பல வீட்டுல கீழதான். ராத்திரில அம்மா இறங்கி ஏற முடியாதுங்க. தரைத்தளத்துலயே பெட்ரூமும் பாத்ரூமும் சேர்ந்து இருக்குதா, ஷவர் தொட்டிக்குள்ள காலைத் தூக்கி வெக்கோணுமான்னு எழுத்துல கேட்டு வாங்கிக்கங்க. மேல் தளத்துக் கைப்பிடிக் கம்பிகளுக்கு நடுவுல 10 செ.மீ.க்கு மேல சந்து இருந்தா குழந்தைக்கு ஆகாது. பழைய கேலரியை (மேல உக்கார்ற மாடத்தை) அப்படியே உட்டிருந்தா கைப்பிடியே தாழ்வாத்தான் இருக்கும்.

அடுத்தது குளிரு. ஜூன்தானேன்னு அசந்துராதீங்க, அங்க ராத்திரி 10 டிகிரிக்குக் கீழயும் போகும். கூரை அத்தனை உசரம், சூடான காத்து மேல போய் நின்னுக்கும். மேல படுக்கிறவங்களுக்குப் புழுக்கம், கீழ சோபாவுல உக்காந்தவங்களுக்கு நடுக்கம். தரைக்கடியில பைப் ஓடுற ஹீட்டிங்னா கல்தரை சூடேறவே அரை நாள் ஆகும். போய்ச் சேர்ந்து சுவிட்ச் போட்டுப் புண்ணியமில்லை. முந்தின நாளே போட்டு வெக்கச் சொல்லுங்க. வெளிய சுத்தப் போறப்பவும் அணைக்காதீங்க.

லிஸ்டெட் பில்டிங்னா, அதாவது சட்டப் பாதுகாப்புப் பட்டியல்ல இருக்கிற பழைய கட்டடம்னா, ஜன்னலை மாத்தவே அனுமதி வாங்கோணும். அதனால ஒத்தைக் கண்ணாடி, திறக்க முடியாத ஜன்னல் ரெண்டும் சகஜம். உசர ஜன்னலுக்குத் திரையும் இருக்காது. ஜூன்ல நாலரை மணி சுமாருக்கே விடிஞ்சிரும், குழந்தை எந்திரிச்சுக்கும்.

கல்லறைக்கு: ஊருக்குப் பொதுவான பாரிஷ் சர்ச்னா சுத்தியும் இருக்கும். சேப்பல்ல பலதுக்கு இருக்காது. இருந்தா, சொந்தக்காரங்க பாக்க வந்து போற வழி நம்ம வாசல் வழியாவா போகுதுன்னு கேளுங்க.

அரிசிம்பருப்பு:
அடுப்பு கேஸா இன்டக்‌ஷனான்னு கேளுங்க. இன்டக்‌ஷன்ல அலுமினியக் குக்கர் சூடே ஆகாது. அடியில காந்தம் ஒட்டுற ஸ்டீல் குக்கர் எடுத்துட்டுப் போங்க.

இந்த வீடுகள்ல சமையல்கட்டுக்குத் தனிச் சுவர் இருக்காது, ஹாலோட ஒரு மூலைதான். புகை அலாரம் ஒண்ணு அடிச்சா வீட்டுல உள்ளது அத்தனையும் சேர்ந்து அடிக்கிற மாதிரி இணைச்சிருப்பாங்க. அரிசிம்பருப்புச் சாதத்துக்குத் தாளிக்கிறப்ப எண்ணெய் புகையற வரைக்கும் உடாதீங்க. கடுகு பொரிஞ்சதும் அடுப்பை அணைச்சுட்டு, அப்புறம் வரமிளகாயைப் போடுங்க. அலாரத்தைத் துணி போட்டு மூடற வேலை மட்டும் வேண்டாம், டெபாசிட் போயிரும்.

கிராமத்துல பல வீட்டுக்குச் செப்டிக் டேங்க்தான். மிச்ச எண்ணெயைச் சிங்க்ல ஊத்தாதீங்க, குழந்தை துடைக்கிற வைப்ஸை டாய்லெட்ல போடாதீங்க. அடைச்சா ஆள் வர ஒரு நாள் ஆகும், கூலியும் நம்ம தலையில. பிளக்கு அங்க மூணு சதுர முள்ளு, நம்முளுது நுழையாது.

சென்னிமலைப் போர்வை:
தேடுறப்ப 'சாம்பிங்'னு வந்தா இந்தக் குடும்பத்துக்கு அது வேண்டாமுங்க. பழைய சர்ச்சுகளைப் பாதுகாக்கிற சர்ச்சஸ் கன்சர்வேஷன் ட்ரஸ்ட்ங்கிற அமைப்பு 2014ல நார்தாம்ப்டன்‌ஷயர்ல ஆரம்பிச்சது. வழிபாடு குறைஞ்ச பழைய சர்ச்சுக்குள்ள கேம்ப் கட்டில் போட்டுப் படுக்கிறது. ஹீட்டிங் கிடையாது, பல இடத்துல குழாய்த் தண்ணியும் கிடையாது. வௌவால் வேற. அந்த நாட்டுச் சட்டப்படி அதைத் தொந்தரவு பண்றதே குத்தம், அதனால எச்சத்துக்குப் பயந்து நாமதான் கட்டிலை நகர்த்திப் போடோணும். இளவட்டம் ரெண்டு மூணு பேருன்னா ஜோரா இருக்கும்.

அம்மா வசதிதான் முக்கியம், கட்டடமும் பழசா இருக்கோணும்னா ஹோட்டலாவே மாத்துனதைப் பாருங்க. நெதர்லாந்துல மாஸ்ட்ரிக்ட் ஊர்ல 15ஆம் நூற்றாண்டு மடம் 2005லிருந்து க்ரூயிஸ்ஹேரன் ஹோட்டலா ஓடுது, காலைச் சாப்பாடு சர்ச்சுக்குள்ளயேதான். ஆனா அதுக்கு ஷெங்கன் விசா (நெதர்லாந்து மாதிரி ஐரோப்பிய நாடுகளுக்கான பொது விசா) தனியா எடுக்கோணும், இங்கிலாந்து விசா செல்லாது.