சாபா தீவில் டைவ் செய்தவர்கள் இருந்தால் எழுதுங்கள். முதலில் என் கதை

கரீபியன் கடலில் டைவிங் போகிறேன் என்றதும் வீட்டில் எல்லாரும் வெள்ளை மணலில் கால் நீட்டிப் படுத்திருக்கும் போட்டோவைத்தான் எதிர்பார்த்தார்கள். நான் போனதோ நெதர்லாந்தைச் சேர்ந்த சாபாவுக்கு. கடலிலிருந்து செங்குத்தாக எழும்பி நிற்கும் ஓர் எரிமலை, அவ்வளவுதான் தீவே. பரப்பு 13 சதுர கிலோமீட்டர். நான்கு ஊர், ஏறக்குறைய 2,000 பேர். எல்லா வீட்டுக்கும் வெள்ளைச் சுவர், சிவப்புக் கூரை. தலைநகரத்தின் பெயர் 'தி பாட்டம்', அதாவது அடி. ஆனால் கடலிலிருந்து அந்த 'அடி'க்குப் போகவே நன்றாக மேலே ஏற வேண்டும்!

பக்கத்துத் தீவான செயின்ட் மார்ட்டின் வரை பெரிய விமானத்தில் போகலாம். கடற்கரையில் நிற்பவர்கள் தலைக்கு மேலே ஜெட் விமானம் இறங்கும் வீடியோவைப் பார்த்திருப்பீர்களே, அதே பிரின்சஸ் ஜூலியானா விமான நிலையம்தான். அங்கிருந்து 19 பேர் உட்காரும் ட்வின் ஓட்டர் என்ற சின்ன விமானம். கால் மணி நேரம்கூட ஆகவில்லை. முன் வரிசையில் இடம் கிடைத்ததால் விமானியின் தோளுக்கு மேலே எல்லாம் தெரிந்தது. அதற்காக நான் சந்தோஷப்பட்டது கடைசி ஒரு நிமிடம் வரைதான். கண்ணுக்கு நேரே பாறைச் சுவர். அதை ஒட்டியே போய் விமானம் சட்டென்று திரும்பியபோதுதான் ஓடுபாதை தெரிந்தது. அதுவும் ஓடுபாதை மாதிரி இல்லை, யாரோ பாறை மேல் உலரப் போட்ட துண்டு மாதிரி. மொத்த நீளம் 400 மீட்டர். பயணிகள் விமானம் வழக்கமாக இறங்கும் ஓடுபாதைகளில் உலகிலேயே சிறியது இதுதான் என்கிறார்கள். இரண்டு பக்கமும் முடிகிற இடத்தில் நேராகக் கடல். சக்கரம் தொட்டதும் உடம்பெல்லாம் முன்னால் சரிந்தது, நின்றுவிட்டோம். பாதி ஓடுபாதை மிச்சம் இருந்தது என்று பிறகு பெருமையாகச் சொல்லிக்கொண்டேன். கண்ணைத் திறந்து பார்த்தேனா என்று யாரும் கேட்கவில்லை.

டாக்ஸிக்காரர் முதலில் சொன்னது சாலையைப் பற்றித்தான். இந்த மலையில் சாலை போடவே முடியாது என்று ஹாலந்து பொறியாளர்கள் கைவிரித்துவிட்டார்களாம். ஜோசபஸ் லாம்பர்ட் ஹாசல் என்ற உள்ளூர்க்காரர் தபால் வழியில் பொறியியல் படித்து, ஊர் ஆட்களைக் கூட்டிக்கொண்டு கையாலேயே போட்டிருக்கிறார். துறைமுகத்திலிருந்து தி பாட்டம் வரை முடிந்தது 1943-இல். முதல் வண்டி வந்து இறங்கியது 1947-இல். அதற்கு முன்னால் பியானோ ஆனாலும் சரி, அரிசி மூட்டை ஆனாலும் சரி, லேடர் பே என்ற இடத்தில் பாறையில் வெட்டிய 800 படிகளில் தலைச்சுமையாகத்தான் மேலே போக வேண்டும். சாலைக்குத் தனிப் பெயர் கிடையாது. 'தி ரோடு', அவ்வளவுதான். இருப்பதே ஒன்று, பெயர் எதற்கு?

சரி, கடலுக்கு வருகிறேன்.

முதல் நாள் காலை 'ஐ ஆஃப் தி நீடில்'. ஆழத்திலிருந்து ஊசி மாதிரி எழும்பி நிற்கும் பாறைத் தூண். அதன் உச்சியே சுமார் 27 மீட்டர் ஆழத்தில்தான் இருக்கிறது. சுற்றிலும் நீலம், கீழே பார்த்தால் இன்னும் கெட்டியான நீலம். எல்லாரும் மிதவைக் கயிற்றைப் பிடித்து இறங்கினார்கள். எனக்கு ஆறு மீட்டரிலேயே வலது காது அடைத்துக்கொண்டது. மூக்கைப் பிடித்து ஊதினேன், திறக்கவில்லை. கைடு ஒரு மீட்டர் மேலே கூட்டிப்போய், தாடையை அசைத்து விழுங்கச் சொல்லிச் சைகை காட்டினார். மூன்றாவது முயற்சியில் 'டிக்' என்று திறந்தது. அதற்குள் பதற்றத்தில் சிலிண்டர் காற்றில் பாதியைக் குடித்துவிட்டேன். ஊசியைப் பார்த்தது சில நிமிடங்கள்தான். ஆனாலும் ஆள் உயரக் கடற்பஞ்சுகளும், அதற்கு மேலே எங்களைச் சட்டை செய்யாமல் சுற்றிக்கொண்டிருந்த சுறா ஒன்றும் இன்னும் கண்ணில் நிற்கின்றன. முந்தின இரவு சளி இருந்தும் மாத்திரை போட்டுச் சமாளிக்கலாம் என்று நினைத்தது என் தப்பு.

எனக்கு உண்மையில் பிடித்தது ஆழமான இடங்கள் இல்லை. 'லேடர் லாபிரிந்த்' என்ற இடத்தில், பழைய எரிமலைக் குழம்பு விரல் விரலாக உறைந்து கிடக்கிறது. நடுவில் மணல் சந்துகள். ஒரு சந்தில் மணல் மஞ்சளாக இருந்தது. கைடு கையுறையைக் கழற்றி விரலை மணலில் நுழைத்துக் காட்டினார். நானும் நுழைத்தேன். சூடு! இட்லித் தட்டைத் தொட்ட மாதிரி இல்லை, ஆனால் நிச்சயமாகச் சூடு. எரிமலை தூங்குகிறதே தவிர இன்னும் உடம்பில் சூடு இருக்கிறது என்பது அப்போதுதான் உறைத்தது. அதே டைவில் ஓர் அழுங்காமை பக்கத்திலேயே கடற்பஞ்சைக் கிழித்துத் தின்றுகொண்டிருந்தது. மரியாதைக்குக்கூட எங்களைத் திரும்பிப் பார்க்கவில்லை.

இவ்வளவு நன்றாக இருக்கக் காரணம் இருக்கிறது. 1987-இலேயே தீவைச் சுற்றி முழு வளையமாகக் கடல் பூங்கா அறிவித்துவிட்டார்கள். கரையிலிருந்து 60 மீட்டர் ஆழம் வரை பூங்காதான். டைவ் படகுகள் பவளப்பாறையில் நங்கூரம் போடுவதில்லை, போட்டு வைத்திருக்கும் மிதவையில்தான் கட்டுகின்றன. ஒவ்வொரு டைவுக்கும் நாம் கட்டும் சிறு கட்டணம் அதற்குத்தான் போகிறது. அதற்காக எல்லாம் சொர்க்கம் என்று சொல்லமாட்டேன். 2022-இல் கறுப்புக் கடல் முள்ளெலிகள் நோய் வந்து கூட்டம் கூட்டமாகச் செத்தன. பாசியை மேய்ந்து பவளத்தைக் காப்பாற்றுவது அவைதான். பல இடங்களில் பாறை மேல் பாசி படர்ந்திருப்பதைப் பார்த்தால் கஷ்டமாக இருக்கிறது.

வேறு யாராவது போயிருக்கிறீர்களா?

* * *

நான் போயிருக்கிறேன், ஆனால் படகில். விமானத்துக்குப் பயந்து ஃபெர்ரியில் போகலாம் என்று நினைப்பவர்களுக்காக எழுதுகிறேன். போகும்போது ஒன்றரை மணி நேரத்துக்குள் ஃபோர்ட் பே துறைமுகத்தில் இறங்கிவிட்டேன், அலையும் பின்னாலிருந்து தள்ளியது. இதற்கா பயந்தோம் என்று சிரித்தேன். திரும்பும்போதுதான் பாடம். காற்று அங்கே கிழக்கிலிருந்து அடிக்கிறது. திரும்பி வரும் படகு அலையை முட்டிக்கொண்டே வரும். காலையில் சாப்பிட்ட மீன் கேக்கைக் கடலுக்கே திருப்பிக் கொடுத்தேன். பின்பக்கம் வெளியில் உட்காருங்கள், வெறும் ரொட்டி மட்டும் சாப்பிடுங்கள், வாந்தி மாத்திரையைப் படகு கிளம்புவதற்கு முன்னாலேயே போடுங்கள். ஏறிய பிறகு போட்டால் அதுவும் மீனுக்குத்தான்.

* * *

மலையைப் பற்றி யாரும் எழுதவில்லையே. மவுண்ட் சீனரி, 887 மீட்டர். நெதர்லாந்து ராஜ்ஜியத்திலேயே உயரமான இடம், இருப்பதோ கரீபியனில். ஹாலந்துக்காரர்களே இதைச் சொல்லிச் சிரிக்கிறார்கள். விண்ட்வர்ட்சைடு ஊரிலிருந்து 1,064 படிகள்.

காலையில் இரண்டு டைவ் முடித்துவிட்டு மதியம் மலை ஏறலாம் என்று திட்டம் போட்டிருந்தேன். டைவ் சென்டரில் சும்மா பேச்சுவாக்கில் சொன்னேன். பதில் சொல்லாமல் என் கணுக்காலைக் காட்டி, "ஷூவை நாளை மறுநாள் மாட்டிக்கொள்" என்றார்கள். எனக்குப் புரியவில்லை. டைவ் முடித்து விமானத்தில் ஏறக்கூடாது என்பது பாடத்தில் படித்ததுதான். ஆனால் மலையும் அதே கணக்கில் வரும் என்று எனக்கு உறைக்கவே இல்லை. உடம்பில் கரைந்திருக்கும் நைட்ரஜனுக்கு நாம் விமானத்தில் போகிறோமா, படி ஏறுகிறோமா என்று தெரியாது, மேலே காற்றழுத்தம் குறைகிறது என்பது மட்டும்தான் தெரியும், குறைந்தால் குமிழாகி ஆபத்து. சுமார் 600 மீட்டருக்கு மேல் போனாலே கவனம் என்பார்கள். பல டைவிங் தீவுகளில் இப்படி ஒரு சிக்கலே வராது, ஏற இவ்வளவு உயர மலை இருந்தால்தானே! கடைசி நாளை மலைக்கு ஒதுக்குங்கள். எப்படியும் விமானத்துக்கு முன் 18 மணி நேரமாவது தண்ணீரில் இறங்காமல் இருக்க வேண்டும், நான் 24 வைத்துக்கொள்வேன்.

மேலே போனேன். உச்சியில் மேகம். மர உயரப் பெரணிகள், கிளையெல்லாம் பாசி, எல்லாவற்றிலிருந்தும் தண்ணீர் சொட்டுகிறது. காட்சி? ஒன்றும் தெரியவில்லை. அரை மணி நேரம் காத்திருந்ததில் ஒரே ஒரு தடவை மேகம் விலகி, கீழே சிவப்புக் கூரைகள் தெரிந்தன. போன் கேமராவைத் திறப்பதற்குள் மூடிக்கொண்டது.

* * *

இரண்டு சந்தேகம். ஷெங்கன் விசா போதுமா? சைவம் கிடைக்குமா?

* * *

(முதல் பதிவு எழுதியவன்)

2010 அக்டோபர் 10 முதல் சாபா நெதர்லாந்தின் சிறப்பு நகராட்சி. ஆனால் ஷெங்கன் பகுதிக்குள் வராது, கரீபியன் பகுதிக்கென்று விசா விதி தனி. உங்கள் பாஸ்போர்ட்டுக்கு என்ன என்று தூதரகத்தில் கேட்டுவிட்டு டிக்கெட் போடுங்கள். பணம் யூரோ இல்லை, அமெரிக்க டாலர். பேச்சு ஆங்கிலம்.

சைவம் கிடைக்கும், ஆனால் தேர்ந்தெடுக்க அதிகம் இருக்காது. பெரும்பாலான காய்கறி கப்பலில் வருகிறது, விலையும் கப்பல் விலைதான். சமையலறை உள்ள அறையாக எடுத்து, பையில் பருப்பும் மிளகாய்த்தூளும் கொண்டுபோனேன். சின்ன விமானத்தில் எடைக் கட்டுப்பாடு உண்டு. டைவிங் சாமான், பருப்பு இரண்டில் ஒன்று என்று வந்தபோது ஃபின்ஸை (காலில் மாட்டும் துடுப்பு) விட்டுவிட்டேன், அங்கே வாடகைக்குக் கிடைக்கிறது. தண்ணீரையும் பார்த்துச் செலவழியுங்கள், கூரையில் விழும் மழையைத் தொட்டியில் பிடித்துத்தான் குளியல்.

* * *

நான் டைவ் செய்வதில்லை, என் கணவர் செய்வார். கூடப் போகிறவர்கள் என்ன செய்வது என்று யாராவது எழுத வேண்டும் இல்லையா?

கடற்கரை இருக்கும் என்று நம்பி இரண்டு புத்தகமும் பெரிய துண்டும் எடுத்துப் போனேன். வெல்ஸ் பே என்ற இடத்தில் மணல் வசந்த காலத்தில் வந்து, ஆண்டுக் கடைசியில் கடலே எடுத்துக்கொண்டு போய்விடுமாம். நாங்கள் போனது ஜனவரி. வெறும் உருண்டைக் கல்.

முதல் நாள் கோபம், இரண்டாம் நாள் நடை. சாலையோரச் சுவரில் உட்கார்ந்தால் போகிற வண்டிக்காரர்கள் தாங்களாகவே நிறுத்தி ஏற்றிக்கொள்கிறார்கள், அங்கே அது வழக்கம். ஒரு பாட்டி ஊசி நூலால் துணியில் பின்னல் வேலை செய்வதை ஒரு மணி நேரம் உட்கார்ந்து பார்த்தேன். சாபா லேஸ் என்கிறார்கள். 1870-களில் கராகஸ் கன்னியர் மடத்தில் கற்று வந்த ஒரு பெண்ணிடமிருந்து ஊர் முழுக்கப் பரவியதாம். கைக்குட்டை அளவு ஒன்று வாங்கினேன். விலையைக் கணவரிடம் இன்னும் சொல்லவில்லை.

கிளம்புவதற்கு முந்தின நாள் விமானத்துக்காக அவர் டைவ் செய்யாமல் சும்மா இருந்தார். இருவரும் ஸயன்ஸ் ஹில் (Zion's Hill) என்ற ஊரின் வளைவில், சுவரில் உட்கார்ந்திருந்தோம். காலடியில் ஒரு கறுப்பு உடும்பு மாதிரி, இக்வானாவாம், வெயில் காய்ந்துகொண்டிருந்தது. விமானச் சத்தம் கேட்டு வானத்தைப் பார்த்தேன், ஒன்றும் இல்லை. கணவர் கீழே கைகாட்டினார். எங்களுக்குக் கீழே, வெகு கீழே, விமானத்தின் முதுகு தெரிந்தது. முதல் பதிவில் சொன்ன துண்டு மாதிரி ஓடுபாதை மேல் போய் உட்கார்ந்தது. நாளைக்கு நாமும் இதில்தான் என்று அவர் சொன்னார். நான் இக்வானாவையே பார்த்துக்கொண்டிருந்தேன்.