சைஃபனுக்குத் தூம்பு: ஆப்புமட்டியை முன்வைத்து

அன்புள்ள கலைச்சொல் நண்பர்களுக்கு வணக்கம்.

நீங்கள் தொகுக்கும் மெல்லுடலிகள் (நத்தை, மட்டி போன்றவை) கலைச்சொல் பட்டியலில், மட்டியின் உடலுக்குள் நீர் வந்துபோகும் குழாயாகிய ‘சைஃபன்’ என்பதற்கு நேரே ‘உறிஞ்சுகுழல்’ என்று எழுதி, முடிந்தது என்று குறியும் போட்டிருக்கிறீர்கள். குறியைச் சற்று அழித்துவைக்க வேண்டுகிறேன். அந்தச் சொல் கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்த உறுப்பு உறிஞ்சுவதில்லை.

இதை எழுதும்போது என் மேசைமேல் ஓர் ஆப்புமட்டியின் ஓடு கிடக்கிறது. நீளம் இரண்டரை சென்டிமீட்டர் இருக்கும். அலை பின்வாங்கியதும் ஈர மணலில் நிமிர்ந்து நின்று, நாம் குனிவதற்குள் உள்ளே இறங்கிவிடுமே, அந்த மட்டிதான். அறிவியல் பெயர் டோனாக்ஸ் கூனியேட்டஸ். 1758இல் லின்னேயஸ் வைத்தது. கூனியேட்டஸ் என்றால் ஆப்பு வடிவானது என்று பொருள். ஆகவே ‘ஆப்புமட்டி’ நான் வலிந்து கட்டிய பெயர் அன்று.

ஓட்டின் உட்புறத்தை வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். இரு முனைகளின் அருகிலும் மூடுதசைகள் ஒட்டியிருந்த தழும்புகள் ஒவ்வொன்று தெரியும். கீழ்விளிம்பை ஒட்டி ஒரு மெல்லிய கோடு முன்தழும்பிலிருந்து புறப்பட்டு வருகிறது. நேராகப் பின்தழும்பில் போய்ச் சேர வேண்டிய அது, இடையில் ஓட்டின் நடுப்பகுதி நோக்கி ஆழமாக வளைந்து உள்ளே போய்த் திரும்புகிறது; நிலப்படத்தில் கடற்கரைக்கோடு வளைந்து குடாவாவதைப் போல. உயிர் போய், சதை அழுகி, உறுப்பே இல்லாமல் போன பிறகும் சைஃபன் இருந்ததற்கான சாட்சி அந்த வளைவுதான். சைஃபனை உள்ளிழுக்கும் தசைகள் ஒட்டியிருந்த இடம் அது. குழாய் நீளமாக இருந்தால் குடாவும் ஆழமாக இருக்கும். பாறையில் ஒட்டி வாழும் ஆளியிலும் முத்துச்சிப்பியிலும் இந்தக் குடா கிடையாது. புதையுயிர்த் தடங்களை ஆராய்பவர்கள், ஓர் ஓடு மணலுக்குள் புதைந்து வாழ்ந்ததா என்பதை இதைக் கொண்டே ஊகிக்கிறார்கள். இத்தனை முக்கியமான குறிக்கு நம் பட்டியலில் ஒரு சொல்கூட இல்லை.

இனி உறிஞ்சும் கதைக்கு வருகிறேன். ஆப்புமட்டிக்குச் சைஃபன்கள் இரண்டு. ஒன்றோடொன்று ஒட்டாத தனித்தனிக் குழாய்கள். ஒன்றில் நீர் வருகிறது, மற்றதில் போகிறது. நீரை ஓட்டுவது குழாய் அன்று. உள்ளே இருக்கும் செவுள்களின் மேல் இடைவிடாமல் துடிக்கும் நுண்மயிர்கள். குழாய் வெறும் வழி. அப்படியிருக்க, வெளியேற்றும் குழாயை என்னவென்று அழைப்பது? பட்டியலில் ‘வெளியேற்று உறிஞ்சுகுழல்’ என்றிருக்கிறது. வெளியேற்றும் உறிஞ்சி! வகுப்பில் மாணவர் ஒருவர் சிரித்தால் அவரைக் கடிந்துகொள்ள நமக்கு வாயில்லை.

நான் முன்வைக்கும் சொல் ‘தூம்பு’. ஏரிக்கரையின் அடியில் நீர் போக அமைத்த குழாய்வழிக்குத் தூம்பு என்றுதான் பெயர். உள்ளீடற்ற மூங்கிலும் தூம்புதான். அதில் செய்த ஊதுகருவியும் தூம்புதான். தூம்பு எதையும் உறிஞ்சுவதில்லை, வழிவிடுகிறது. உள்தூம்பு, வெளித்தூம்பு என்று இரண்டையும் முரணில்லாமல் சொல்லிவிடலாம். சைஃபன் என்ற கிரேக்கச் சொல்லுக்கும் குழாய் என்பதுதான் அடிப்படைப் பொருள். இயற்பியலில் நாம் படித்த சைஃபனை இங்கே இழுத்துவந்ததால் நேர்ந்த குழப்பம் இது.

மறுப்புகளையும் பார்த்துவிடலாம். ‘தூம்பு என்றால் சாக்கடை அல்லவா?’ என்று ஓர் அம்மையார் கேட்டிருந்தார். அகராதியில் அந்தப் பொருளும் உண்டு. அதனால் கெட்டுப்போனது ஒன்றுமில்லை. மட்டியின் கழிவும் வெளித்தூம்பு வழியாகத்தான் போகிறது. ‘டெல்லின் வகை மட்டிகள் உள்தூம்பை நீட்டி மணற்பரப்பைத் துழாவி இரையை உறிஞ்சுகின்றனவே’ என்பது இன்னொரு நண்பரின் கேள்வி. இதில் வலுவிருக்கிறது. டெல்லின்கள் ஆப்புமட்டிக்கு நெருங்கிய உறவும்கூட. இரண்டும் டெல்லினாய்டியா என்னும் ஒரே பெருங்குடும்பம். ஆனாலும் ஒரு கிளையின் பழக்கத்தை வைத்து உறுப்புக்கே பெயரிட்டால் மற்ற கிளைகளுக்கெல்லாம் அது பொய்யாகிவிடும். யானை நீரை உறிஞ்சுகிறது என்பதற்காகத் தும்பிக்கையை உறிஞ்சுகை என்று யாரும் சொல்வதில்லை.

அந்தக் குடாவுக்கு வருவோம். ‘பேலியல் சைனஸ்’ என்னும் அதன் ஆங்கிலப் பெயரின் முதற்பாதியை ஒருவர் அப்படியே ஒலிபெயர்த்து ‘பாலியல் கோடு’, ‘பாலியல் குடா’ என்று எழுதியிருக்கிறார். தயவுசெய்து வேண்டாம். பல்லியம் என்றால் உரோமானியர் போர்த்திய மேலாடை. உடலைப் போர்த்தி ஓட்டைச் சுரக்கும் அந்தத் தோல்மடிப்பைப் ‘போர்வை’ என்றே சொல்லலாம். கோடு ‘போர்வைவரி’ ஆகும். வளைவைப் ‘போர்வைக்குடா’ என்பதைவிடத் ‘தூம்புக்குடா’ என்பதே எனக்குப் பிடிக்கிறது. எதனால் உண்டானது என்பது சொல்லிலேயே இருக்கிறது.

டெல்லினாய்டியாவுக்கே உரிய இன்னோர் அடையாளமும் உண்டு. தூம்புகளின் அடியில் இரண்டு தசைக்கற்றைகள் குறுக்காக வெட்டிக்கொண்டு ஓட்டுக்கு ஓடு போகின்றன. ‘குறுக்குத்தசை’ என்றால் வேறு தசைகளோடு குழம்பும், ‘சிலுவைத்தசை’ போதும். அதன் தழும்பு மிகச் சிறியது. என் ஓட்டில் உருப்பெருக்கி வைத்துத்தான் கண்டுபிடித்தேன்.

இடையில் ஒன்று. இரைப்பையில் சுழலும் கூழ்த்தண்டுக்குப் ‘பளிங்குத் தண்டு’ என்று போட்டிருக்கிறீர்கள். சுழன்று சுழன்று இரையைக் கலக்கி, தானும் கரைந்து செரிமான நொதிகளைத் தரும் ஒன்றுக்கு ‘மத்து’ இருக்கப் பளிங்கு எதற்கு? ‘இரைப்பை மத்து’ என்று வையுங்கள்.

இந்த மட்டிகளெல்லாம் அடங்கும் உயிரியல் வகுப்பின் பெயர் குறித்து எனக்கே இரண்டு மனம். கோடாலிப்பாதம் என்னும் பொருளில் பெலிசிபோடா, இதழ்ச்செவுள் என்னும் பொருளில் லாமெல்லிபிராங்கியா, இரண்டு ஓடு என்னும் பொருளில் பைவால்வியா என்று ஒரே வகுப்புக்கு மூன்று உறுப்புகளை வைத்து மூன்று பெயர்கள் வந்து, பைவால்வியாவே நிலைத்தது. அதை ஒட்டி ‘ஈரோட்டுடலிகள்’ சரியாகத்தான் இருக்கிறது. ஆனால் தொல்காப்பியம் ‘நந்தும் முரளும் ஈரறி வினவே’ என்கிறது. பழைய உரை நந்தில் சங்கையும் நத்தையையும், முரளில் இப்பியையும் கிளிஞ்சலையும் அடக்குகிறது. சுருள் ஓடு ஒரு பக்கம், இரட்டை ஓடு ஒரு பக்கம்! ‘முரள்’ என்றே வகுப்புக்குப் பெயரிட ஆசைதான். தடையாக இருப்பது முரல் மீன். மீனவர் வாயிலும் சந்தையிலும் அன்றாடம் புழங்கும் பெயர் அது. ளகர லகரப் பிழை ஒன்று போதும், மட்டி மீனாகிவிடும். பாடநூலில் ஈரோட்டுடலியே இருக்கட்டும். முரளை அடிக்குறிப்பில் காப்பாற்றுவோம்.

பேரினப் பெயர்களை மட்டும் மொழிபெயர்க்காதீர்கள். அவை இடம் மாறிக்கொண்டே இருப்பவை. நாம் டோனாக்ஸ் ஸ்கார்ட்டம் என்று படித்தது இன்று ஹெக்குபா ஸ்கார்ட்டம். குடும்பங்களைத் தொகுக்கும் ‘வரிசை’யின் பெயரும் அப்படித்தான்: பழைய நூல்களில் வெனராய்டா, இப்போது கார்டிடா.

ஓட்டின் உச்சியில் புடைத்திருக்கும் ‘அம்போ’வுக்கு எனக்கு இன்னும் சொல் கிடைக்கவில்லை. ‘குமிழ்’ என்று நினைத்தேன். ஏரிகளில் குமிழித்தூம்பு என்றே ஒன்று இருப்பதால், தூம்புக்குப் பக்கத்தில் அதை வைக்கத் தயக்கமாக இருக்கிறது. ‘முகடு’ சரிவருமா? கடற்கரை ஊர்க்காரர்கள் யாராவது, வீட்டில் மட்டி உடைக்கும்போது அந்த இடத்தை என்ன சொல்லிக் காட்டுவார்கள் என்று கேட்டு எழுதுங்கள்.