ஃப்ரீசர்ல வச்ச பேரிங்: வீட்டுல மாத்துனது வீட்டுல மாத்துனதுதானா?

வேளச்சேரி ஸ்ப்ளெண்டர்:
நேத்து ஒரு வீடியோ பாத்தேன். "வீல் பேரிங் மாத்துறதெல்லாம் பத்து நிமிஷ வேலை, ஒரு சுத்தியும் ஸ்க்ரூடிரைவரும் போதும்"னு ஒருத்தர் சிரிச்சுக்கிட்டே சொல்றாரு. வந்துச்சு பாருங்க கோவம். பேரிங்னா சக்கரத்து நடுவுல ஆக்சில் கம்பியைச் சுத்தி இருக்கற ரெண்டு வளையம், அதுக்கு நடுவுல குண்டு. அவர் கழட்டுனது நல்ல பேரிங்கு, ரெண்டு தட்டுல வந்துடுச்சு. என்னோடது 2023 டிசம்பர் மிக்ஜாம் மழையில சீட்டு வரைக்கும் ரெண்டு நாள் தண்ணில நின்ன பைக்கு. அப்ப இன்ஜினை மட்டும் பாத்தோம், சக்கரத்தை யாரும் தொடல. அப்புறம் முன்சக்கரம் கரகரனு கத்திக்கிட்டே இருந்து ஒரு நாள் காலைல தள்ளுனா நகரவே இல்ல, ஜாம். ஆக்சில் பேரிங்கோட உள்வளையத்துல துரு புடிச்சு ஒட்டிக்கிச்சு. மூணு நாள் டீசல்ல ஊற வச்சு அடிச்சா ஆக்சிலோட உள்வளையமும் குண்டும் பிச்சுக்கிட்டு வந்துடுச்சு, வெளிவளையம் மட்டும் சக்கரத்து நடு ட்ரம்லயே உக்காந்துக்கிச்சு. அடிச்சுத் தள்ளுற பஞ்ச் கம்பி வைக்க விளிம்பே கிடையாது. கடைசில தெருமுனை வெல்டிங் கடைல வளையத்துக்கு உள்பக்கம் சுத்தி ஒரு கோடு வெல்டிங் இழுக்கச் சொன்னேன், ஆறுனதும் வளையம் சுருங்கி தானா கழண்டு விழுந்துச்சு. புது பேரிங் ரெண்டையும் (6301ங்கற சைஸ்) சுருங்கட்டும்னு ராத்திரி ஃப்ரீசர்ல வச்சேன், காலைல ட்ரம் விரியட்டும்னு கொதிக்கிற தண்ணி ஊத்திட்டு வச்சா பொத்துனு உக்காந்துச்சு, சுத்தியைத் தொடவே இல்ல. இப்ப சொல்லுங்க இது பத்து நிமிஷ வேலையா?

கணபதி லேத்துக்காரன்:
ஏனுங்க தம்பி, பேரிங் என்ன குல்ஃபியா ஃப்ரீசர்ல வெக்கறதுக்கு? 31 வருஷமா கோயமுத்தூர்ல லேத் ஓட்டறனுங்க, ஒருத்தன் கூட ஐஸ் பொட்டிய தூக்கிட்டு பட்டறைக்கு வந்ததில்ல. அதை வெளிய எடுத்த ஒடனே மேல முத்து முத்தா வேர்க்கும் பாத்தீங்களா, அந்தத் தண்ணி எங்க போகும்? உள்ளதான் போகும். தண்ணியில கெட்ட பேரிங்க மாத்தறேன்னு புதுசுலயும் தண்ணிய உட்டிருக்கறீங்க. நல்லா இருக்குது.

வேளச்சேரி ஸ்ப்ளெண்டர்:
அண்ணா, நான் போட்டது ரெண்டு பக்கமும் ரப்பர் சீல் இருக்கற 2ஆர்எஸ். பாலிதீன் கவர்ல சுத்தித்தான் ஃப்ரீசர்ல வச்சேன். படிக்காமலே பதில் போடுறீங்க.

கணபதி லேத்துக்காரன்:
கவர்ல சுத்துனத நீங்க மொத எழுதவே இல்ல, இப்பத்தான் வருது. சரி, கவர்லயே வெச்சுத்தான் ட்ரம்முல போட்டீங்களாக்கும்? கவர உருவுனா வேர்க்காதா, அதும் மெட்ராஸ் காத்துல.

பாளை பைக்கு:
யாருங்க இது, போன வருஷம் செயினுக்கு பழைய இன்ஜின் ஆயிலே போதும்னு சாதிச்ச அண்ணாச்சிதான? அப்பவும் இதே 31 வருஷம்தான். ஒரு வருஷம் கூடவே இல்லையே வே!

கணபதி லேத்துக்காரன்:
உங்க செயின் இன்னும் ஓடுதா இல்ல அந்துருச்சா, அத சொல்லுங் மொத.

புதுசா வந்தவன்:
எல்லாருக்கும் வணக்கம். என் வண்டிலயும் முன்சக்கரம் சுத்தல. ஒரு சந்தேகம், ஜாம்னா எதை சொல்றீங்க? ஆக்சில் பேரிங்ல ஒட்டிக்கிட்டதா, பேரிங் ட்ரம்ல ஒட்டிக்கிட்டதா, இல்ல குண்டு சுத்தாம போறதா? என்னோடது எதுனு எப்படி கண்டுபிடிக்கிறது?

வேளச்சேரி ஸ்ப்ளெண்டர்:
கணக்கா சொல்றேன் கேளுங்க. 6301க்கு வெளிவட்டம் 37 மில்லிமீட்டர். ட்ரம் அலுமினியம், ஒரு மீட்டருக்கு ஒரு டிகிரிக்கு 23 மைக்ரான் விரியும். 70 டிகிரி ஏறுச்சுனா ஓட்டை 0.06 மில்லிமீட்டர் பெருசாகும். ஃப்ரீசர்ல மைனஸ் 18, அங்க பேரிங் 0.02 சுருங்கும். ரெண்டும் சேத்தா 0.08. அதனாலதான் பொத்துனு விழுந்துச்சு. பெரிய கம்பெனில திரவ நைட்ரஜன்லயே முக்கி மாட்டுறாங்க, மைனஸ் 196. அங்க போயி குல்ஃபியானு கேப்பீங்களா?

கணபதி லேத்துக்காரன்:
நைட்ரஜன்ல முக்கறது புஷ்ஷு, லைனரு மாதிரி வெறும் உலோகக் குழாய. க்ரீஸ் அடச்ச, ரப்பர் சீல் வெச்ச பேரிங்க எவனும் முக்க மாட்டான். அடுத்தது, 70 டிகிரின்னு எழுதிப்போட்டீங்களே, கெண்டில் தண்ணி ஊத்துனா அத்தாத்தண்டி ட்ரம்மு 100க்கு ஏறிருமா? ஊத்தி முடிக்கறதுக்குள்ள ஆறிப்போகும், 35 டிகிரி ஏறுனா அதிகம். அப்ப 0.03 தான். ஆக உங்க கணக்குப்படியே ட்ரம்மோட சூடுதான் பெரும்பாதி வேல செஞ்சிருக்குது, ஃப்ரீசர் இல்ல. ஃப்ரீசர் வேண்டாம்னுதான் நானும் சொல்றேன், காலைலருந்து.

பாளை பைக்கு:
அப்ப ஃப்ரீசர் வேலை செய்யுதுனு ஒத்துக்கிட்டீக, கொஞ்சமாத்தான் செய்யுதுங்கீக. 😄

கணபதி லேத்துக்காரன்:
நான் ஒத்துக்கவே இல்ல. வாயில வார்த்தைய திணிக்காதீங்க. சுத்தியல தொடலங்கறாரே, அதென்ன பெரும? அளவா ஒரு பைப்புத் துண்டு, இல்லாட்டி பழைய பேரிங்கோட வெளிவளையத்த மேல வெச்சு சுத்தி சுத்தி சமமா தட்டுனா அதுபாட்டுக்கு போயி உக்காரும். ஒண்ணே ஒண்ணுதான், வெளிவளையத்துல மட்டும் அடி படோணும். உள்வளையத்துல அடிச்சா அந்த அடி குண்டு வழியா எறங்கி ஓடுபாதையில பள்ளம் போட்ரும், அப்பறம் ஓட ஓட உய்ய்னு சத்தம் வரும். இதைத்தான் பசங்களுக்கு சொல்லித்தரோணும், ஐஸ் பொட்டிய இல்ல.

வேளச்சேரி ஸ்ப்ளெண்டர்:
அதான் நான் அடிக்கவே இல்லையே! எங்கயும் அடி படல! அதுக்குத்தானே ஃப்ரீசர்!

புதுசா வந்தவன்:
அண்ணா, ஜாம்னா எதுனு கேட்டேனே.

மாடிவீட்டு மெக்கானிக்:
இவ்வளவு நேரம் சும்மா படிச்சிட்டு இருந்தேன். தலைப்புல "வீட்டுல மாத்துனது". உள்ள பாத்தா வெல்டிங் கடை. கஷ்டமான பாதி வேலைய 100 ரூவா குடுத்து கடைல முடிச்சிட்டு, மிச்சத்தை வீட்டுல பண்ணிட்டு, வீடியோக்காரனை திட்டுறது எந்த ஊர் நியாயம்? நான் 2015 வெள்ளத்துல நனைஞ்ச வண்டிக்கு மொட்டைமாடிலயே மாத்துனேன், டார்ச் வெளிச்சத்துல, வெல்டிங்கும் இல்ல ஒண்ணும் இல்ல.

வேளச்சேரி ஸ்ப்ளெண்டர்:
உங்களுக்கு பேரிங் முழுசா வந்துச்சு, எனக்கு வளையம் மாட்டிக்கிச்சு. அப்புறம் வெல்டிங் கடைக்கு 100 இல்ல, 50 ரூவா.

மாடிவீட்டு மெக்கானிக்:
50ஓ 100ஓ, கடை கடைதான்.

கணபதி லேத்துக்காரன்:
வெல்டிங் கோடு இழுத்தது நல்ல வேலைங்க, அதுல குத்தம் சொல்லமாட்டேன், நாங்களும் பண்ணுவோம். ஆனா அதுக்கப்பறம் ஃப்ரீசர்ல வெச்சீங்க பாருங்க, அங்கதான். ஆமா, ரெண்டு பேரிங்குக்கும் நடுவுல ஒரு ஸ்பேசர் குழாய் வருமே, அத திருப்பி போட்டீங்களா? உங்க கதையில அந்தப் பேச்சையே காணம். அத உட்டுட்டு நட்ட இறுக்குனா ரெண்டு உள்வளையமும் நடுவாந்தரத்துக்கு நெருக்கும், சைடு லோடு விழுந்து மறுபடி ஜாம்தான்.

வேளச்சேரி ஸ்ப்ளெண்டர்:
போட்டேன்.

பாளை பைக்கு:
ஒத்த வார்த்தைல பதிலு வருது, எனக்கென்னமோ சந்தேகமா இருக்கு. 😄 இதுல எனக்கும் அனுபவம் உண்டுவே, ஸ்பேசர் உருண்டு சோபாவுக்கு அடில போயிட்டு, நான் அது இல்லாமலே மாட்டி, நாங்குநேரி வரைக்கும் போயி தள்ளிக்கிட்டே வந்தேன். வீட்டுல இன்னும் அதச் சொல்லி சிரிக்காவ.

வேளச்சேரி ஸ்ப்ளெண்டர்:
போட்டேன்னா போட்டேன். போட்டோ வேணுமா? எங்கம்மா நேத்துலருந்து பேசல, வஞ்சிரம் வச்சிருந்த டப்பா பக்கத்துல பேரிங்கை வச்சேன்னு. இங்க வந்தா நீங்க எல்லாரும்.

கணபதி லேத்துக்காரன்:
அம்மாவுக்கு தெரிஞ்சது உங்களுக்கு தெரியல பாருங்க. 😂

மாடிவீட்டு மெக்கானிக்:
2ஆர்எஸ்சுங்கறீங்களே, கடைல குடுத்தது ஒரிஜினல்தானா? டப்பா பளபளனு இருக்கும், உள்ள இருக்கற பேரிங்ல எழுத்து கோணல்மாணலா அடிச்சிருக்கும். நான் புதுப்பேட்டைல ஒண்ணு வாங்கி ரெண்டே மாசத்துல ஆட்டம் குடுத்துச்சு. கைல வச்சு சுத்திப் பாத்தா மொழுக்குனு போகணும், சரசரனு வந்தா தூக்கி எறிஞ்சிடணும்.

கணபதி லேத்துக்காரன்:
புதுப்பேட்டையில பேரிங் வாங்குன ஆளு எனக்கு பாடம் எடுக்கறாரு. காலக்கொடுமைங்.

மாடிவீட்டு மெக்கானிக்:
உங்களுக்கு யாரு பாடம் எடுத்தா? அவருக்கு சொன்னேன். எல்லாத்துக்கும் நடுவுல வந்து நிக்கிறீங்களே.

புதுசா வந்தவன்:
அண்ணா, நானே கழட்டிப் பாத்துட்டேன். ஆக்சில் விரலால தள்ளுனாலே வந்துச்சு, பேரிங் ரெண்டும் நல்லா சுத்துது. ப்ரேக் ஷூவை விரிக்கிற கேம் துரு புடிச்சு திரும்பாம ப்ரேக் ஷூ ட்ரம்மைக் கவ்விக்கிட்டு நின்னுருக்கு. கேமை கழட்டி உப்புத்தாள் போட்டு க்ரீஸ் வச்சேன், சரியாயிடுச்சு. ஆனா இதெல்லாம் படிச்சிட்டு 6301 ரெண்டு வாங்கிட்டேன், 2ஆர்எஸ். கடைக்காரர் திருப்பி எடுக்க மாட்டேங்குறாரு.

பாளை பைக்கு:
பத்திரமா வைங்க தம்பி, என்னைக்காவது ஒதவும். ஃப்ரீசர்ல மட்டும் வேண்டாம், அண்ணாச்சி வருவாரு.

கணபதி லேத்துக்காரன்:
சிரிங்க சிரிங்க. அந்த 0.03 கணக்குக்கு இன்னும் யாரும் பதில் சொல்லல, கவனிச்சுட்டுத்தான் இருக்கறேன்.

வேளச்சேரி ஸ்ப்ளெண்டர்:
உங்க 35 டிகிரிய எந்த தெர்மாமீட்டர்ல அளந்தீங்க? அத மொதல்ல சொல்லுங்க.

கணபதி லேத்துக்காரன்:
31 வருஷத்துல அளந்ததுங்க.