புதுப்பிப்பு: சுங்குடித் துணித் தட்டின் சுவர் சரிந்த கதை

தோடு, சேப்டி பின் போட்டு வைக்கத் தைத்த சின்னத் துணித் தட்டின் ஓரம் நிற்காமல் சரிகிறது என்று போன வாரம் இங்கே கேட்டிருந்தேன். யோசனை சொன்ன எல்லாருக்கும் நன்றி.

முதலில் அட்டை வைத்துப் பார்த்தேன். நிமிர்ந்து நின்றது, துவைக்க முடியாதே என்று எடுத்துவிட்டேன். பலித்தது, இஸ்திரி போட்டால் ஒட்டும் பக்ரம் (சட்டைக் காலருக்குள் வைக்கிற விறைப்பான துணி). "மேல் துணி, உள் துணி இரண்டுக்கும் ஒட்டுங்கள்" என்று சொன்ன அக்காவுக்குத்தான் முழுப் பெருமையும்.

துணி எட்டரை அங்குலச் சதுரம். பக்ரத்தை எட்டு அங்குலமாக வெட்டினேன், தையலுக்குள் போனால் ஓரம் தடித்துவிடும். பக்ரம் ஒட்டிய மேல் துணி, உள் துணி இரண்டையும் சேர்த்துத் தைத்துப் புரட்டி, மூலையைக் கிள்ளி, முனையிலிருந்து ஒன்றரை அங்குலத்தில் குறுக்கே ஒரு தையல். சுவர் நின்றுவிட்டது. மூலையில் மட்டும் தையல் மெஷின் சக்கரத்தைக் கையால் சுற்றினேன். 16ஆம் நம்பர் ஊசி போதும்.

எதிர்பாராதது ஒன்று. அம்மாவின் பழைய சுங்குடியில் முடிச்சுப் புள்ளிகள் புடைப்பாக இருக்குமே, இஸ்திரி சூட்டில் முதல் தட்டில் அத்தனையும் தட்டையாகிவிட்டன! இரண்டாவதற்குத் துணியைக் கவிழ்த்து, அடியில் மடித்த துண்டு விரித்து ஒட்டினேன். புள்ளிகள் ஓரளவு தப்பின.