500 அடிக்குக் கீழ சிங்க் ரேட் ஈவென்ட் திடீர்னு எகிறுது, அவசரம், யாராவது பாருங்க

சப்ஃப்ரேம்4:
வணக்கம், ஒரு ஏர்லைன்ல எஃப்டிஎம் (ஃப்ளைட் ரெக்கார்டர் டேட்டாவ அலசி லிமிட் தாண்டினத ஈவென்ட்டா பிடிக்கற வேலை) அனலிஸ்டா இருக்கேன். இந்த மாச டேட்டாவ ஓட்டி முடிச்சா "500 அடிக்குக் கீழ ஹை ரேட் ஆஃப் டிசென்ட்" (அதான் சிங்க் ரேட், தரைக்குப் பக்கத்துல ரொம்ப வேகமா இறங்கறது) ஈவென்ட் போன மாசத்த விட மூணு மடங்குக்கு மேல நிக்குது, அதுலயும் பாதி ரெட், அதாவது ரொம்ப மோசமான வகை. லிமிட் எதையும் நான் தொடல. நாளைக்குக் காலைல சேஃப்டி ரிவ்யூ போர்டு, இந்த கிராஃபோட போனா சீஃப் பைலட் என்னை உண்டு இல்லன்னு ஆக்கிடுவாரு. இது நிஜமா, சாஃப்ட்வேர் கோளாறா, எப்படி கண்டுபிடிக்கிறது?

மடிப்பாக்கம்_மாமா:
என்ன பிளேன்? எந்த ஏர்போர்ட்? எல்லா டெயில்லயும் (அதான், ஒவ்வொரு பிளேன்லயும்) வருதா, சிலதுல மட்டுமா? ஈவென்ட்ட எந்த பாராமீட்டர வச்சு எழுதிருக்காங்க? டாக்டர்கிட்ட போய் "வலிக்குது"ன்னு மட்டும் சொல்லிட்டு உக்காந்தா அவரு எங்கப்பா கை வைப்பாரு.

தட்டான்:
இது கியூஎன்ஹெச் (கடல்மட்டத்துக்குக் கணக்கு போட்ட அந்த ஊர் காத்தழுத்தம்) பிரச்சனைங்க, சந்தேகமே வேணாம். ரெக்கார்டர்ல பதியறது 1013 ஹெக்டோபாஸ்கல்ங்கற ஸ்டாண்டர்ட் அழுத்தத்த வச்சு எடுக்கற பிரஷர் ஆல்டிட்யூட். மழைக்காலத்துல கியூஎன்ஹெச் 1004-க்கு போச்சுன்னா 9 ஹெக்டோபாஸ்கல், ஒண்ணுக்கு 27 அடின்னு வச்சா கிட்டத்தட்ட 240 அடி பிசகு. நீங்க 500 அடின்னு நினைக்கற இடத்துல பிளேன் நிஜமா 260 அடில இருக்கும். எங்க ஆபீஸ்ல இதே கதைதான் நடந்துச்சு.

பழைய_ஏவியானிக்ஸ்:
கியூஎன்ஹெச் எல்லாம் இல்ல. ரேடியோ ஆல்டிமீட்டர, அதான் நேர் கீழ இருக்கற தரைக்கு ரேடியோ அலை அனுப்பி உயரம் அளக்கறத, பாருங்க. மழைல ஆன்டெனா கனெக்டர்ல ஈரம் இறங்கினா ரீடிங் கண்டபடி குதிக்கும். 2009-ல ஆம்ஸ்டர்டாம்ல விழுந்த டர்க்கிஷ் 737, இடது பக்க ரேடியோ ஆல்டிமீட்டர் மைனஸ் 8 அடின்னு காட்டுச்சு, ஆட்டோத்ராட்டில் தரைக்கு வந்துட்டோம்னு நம்பி பவர குறைச்சிடுச்சு. 9 பேர் செத்தாங்க. கேபிளை கழட்டி செக் பண்ணச் சொல்லுங்க.

ஃபோக்வா_குரு:
நண்பரே, இந்த மாதிரி கேள்விக்கெல்லாம் பதில் ஏற்கனவே எழுதி வச்சிருக்கு. யூகே சிஏஏ-வோட எஃப்டிஎம் கையேடு கேப் 739 படிங்க, நம்ம டிஜிசிஏ சிஏஆர் செக்‌ஷன் 5 சீரிஸ் எஃப் பார்ட் 2 படிங்க. பிரிட்டிஷ்காரன் 1960கள்லயே இதை ஆரம்பிச்சுட்டான், ஐ.நா.வோட விமான அமைப்பு ஐக்காவோ 2005-லயே 27,000 கிலோவுக்கு மேல உள்ள பிளேனுக்கு கட்டாயம் ஆக்கியாச்சு. இன்னமும் ஈவென்ட் நிஜமா பொய்யான்னு கேக்கறவங்க அனலிஸ்ட் சீட்ல இருக்காங்கன்னா என்னத்த சொல்றது. அடிப்படைய கத்துக்கிட்டு வாங்க.

மடிப்பாக்கம்_மாமா:
குரு, அவன் கேட்டது வரலாறு இல்ல. தட்டான், பெரும்பாலான சாஃப்ட்வேர் டச்டவுன்ல இருந்த பிரஷர் ஆல்டிட்யூடையே கழிச்சுதான் உயரம் எடுக்கும், அதே ஃப்ளைட், அதே காத்தழுத்தம், கியூஎன்ஹெச் தானா அடிபட்டுப் போயிடும். அதுவுமில்லாம மழைக்காலம்னா எல்லா டெயில்லயும் எல்லா ஊர்லயும் ஏறணும்ல. தம்பி, நான் கேட்டதுக்கு பதில் சொல்லு.

சப்ஃப்ரேம்4:
மன்னிக்கணும் சார், மீட்டிங்ல மாட்டிக்கிட்டேன். ஏ320. ஏர்போர்ட் பிரிச்சுப் பார்த்தா மங்களூரும் கோழிக்கோடும்தான் அதிகம், சென்னை கொச்சி எல்லாம் எப்பவும் போலதான். டெயில்னு பார்த்தா... புதுசா லீஸ்ல வந்த ரெண்டு பிளேன்லதான் எல்லாமே. அது முக்கியமா?

கோபைலட்_சீட்:
"அது முக்கியமா"வா 😂

மடிப்பாக்கம்_மாமா:
அதான்யா எல்லாமே. அந்த ரெண்டு ஊர் ரன்வேயுமே டேபிள்டாப், குன்று மேல தட்டையா போட்டது, சுத்தி பள்ளம். ஈவென்ட் டெஃபினிஷன தொறந்து பாரு, ஐவிவி (பிளேனே கணக்கு போட்டுக் குடுக்கற ஏறி இறங்குற வேகம்) இருந்தா ஐவிவி, இல்லன்னா ரேடியோ ஹைட்டோட மாறுற வேகம்னு மாத்து வழி ஒண்ணு எழுதி வச்சிருப்பாங்க, பல இடத்துல பார்த்திருக்கேன். லீஸ் பிளேனோட டேட்டாஃப்ரேம் (ரெக்கார்டர்ல எது எங்க பதியுதுங்கற அமைப்பு) வேற, வார்த்தைகளோட வரிசை வேற, உங்க ஆளுங்க ஐவிவி-ய மேப் பண்ணாம விட்டிருப்பாங்க. அப்ப சாஃப்ட்வேர் சத்தமில்லாம ரேடியோ ஹைட்டுக்குத் தாவிடும். சென்னைல தரை தட்டையா இருக்கறதால ஒண்ணும் தெரியாது. மங்களூர்ல பள்ளத்துல இருந்து மேடு ஏறி வரும்போது பிளேன் இறங்கறதும் தரை ஏறுறதும் ரெண்டும் சேர்ந்துதான் ரேடியோ ஹைட்ல விழும்.

கணக்கு போட்டுப் பாரு. 140 நாட் கிரவுண்ட் ஸ்பீட்ல 3 டிகிரி பாதைன்னா நிமிஷத்துக்கு சுமார் 740 அடி இறக்கம். செகண்டுக்கு 72 மீட்டர் போறோம், ஒரு கிலோமீட்டர கடக்க 14 செகண்ட். அந்த ஒரு கிலோமீட்டர்ல தரை 200 அடி ஏறுச்சுன்னா அதுவே நிமிஷத்துக்கு 860 அடி மாதிரி தெரியும். கூட்டினா 1,600. உன் ரெட் லிமிட் என்னவோ தெரியல, 1,600-ஐ எந்த லிமிட்டும் சும்மா விடாது. பைலட் பாவம் கிளைட்ஸ்லோப் பீம் (சரியான இறங்குபாதைய காட்டுற ரேடியோ கற்றை) மேலயே வந்திருப்பான்.

சரிபார்க்க, ஏதாவது ஒரு ஃப்ளைட்ட எடுத்து ரேடியோ ஹைட், டச்டவுன கழிச்ச பிரஷர் ஹைட், கிளைட்ஸ்லோப் டீவியேஷன் மூணையும் ஒரே கிராஃப்ல போடு. பிரஷர் நேர்கோடா இறங்கி, கிளைட்ஸ்லோப் அரை டாட்டுக்குள்ள (அதாவது பாதைய விட்டு பெருசா விலகாம) இருந்து, ரேடியோ மட்டும் படிக்கட்டு மாதிரி விழுந்தா அது மலைதான், பிளேன் இல்ல.

பழைய_ஏவியானிக்ஸ்:
ஆன்டெனாவையும் ஒரு தடவை பாத்துடறது நல்லது.

கோபைலட்_சீட்:
இதுக்குத்தான் சார் எங்களுக்கு எஃப்டிஎம்-னாலே வயித்தெரிச்சல். பொய் ஈவென்ட்டா இருந்தாலும் ரோஸ்டர்ல இருந்து தூக்கிட்டு "வந்து பேசுங்க"ன்னு கூப்பிடறாங்க. ஹார்ட் லேண்டிங்கும் அதே கதைதான். ஏ320-ல மேனுவல்படி இன்ஸ்பெக்‌ஷனே 2.6 ஜி-லதான் (புவியீர்ப்போட 2.6 மடங்கு), ஆனா அதுக்கு எவ்வளவோ கீழ இருக்கும்போதே லெட்டர் வரும்னு தெரிஞ்சா எவன் உறுதியா உக்கார வைப்பான்? மெத்துனு இறக்கணும்னு மிதக்க விட்டு ரன்வேய தின்னுடுவான். டேபிள்டாப்ல அதுதான் கொல்லும்.

ஃபோக்வா_குரு:
கேப்டன் சாருக்கு டேட்டா மேல கோபம். டேட்டா இல்லன்னா நீங்க எங்க இறங்கினீங்கன்னே யாருக்கும் தெரியாது. மங்களூர் 2010 விபத்துல 8,000 அடிச் சொச்சம் ரன்வேல 5,200 அடி தாண்டி டச்டவுன், கோ-பைலட் "கோ அரவுண்ட்" (இறங்காம திரும்ப மேல போ) சொல்லியும் கேப்டன் கேக்கல, 158 பேர் போனாங்க. அதுக்கும் லெட்டர்தான் காரணமா?

கோபைலட்_சீட்:
நான் அப்படி சொல்லவே இல்ல. ஐக்காவோ விதி அனெக்ஸ் 6-லயே இந்த புரோகிராம்ல டேட்டா குடுத்தவனுக்குப் பாதுகாப்பு இருக்கணும்னு போட்டிருக்கு. அதை மதிச்சா ஆளுங்க தானா வந்து "நேத்து என் அப்ரோச் சரியில்ல, கொஞ்சம் பாருங்க"ன்னு சொல்லுவாங்க. மதிக்கலன்னா வாயே தொறக்க மாட்டாங்க, உங்ககிட்ட கிராஃப் மட்டும்தான் மிஞ்சும், ஏன்ங்கறது கிடைக்காது. அன்னைக்கு டெயில்விண்ட் என்ன, ஏடிசி ஏன் அவ்வளவு உயரத்துல வச்சிருந்தான், இதெல்லாம் எந்த பாராமீட்டர்ல இருக்கு?

ஃபோக்வா_குரு:
டெயில்விண்ட் பாராமீட்டர்லயே இருக்கு. இதுக்குத்தான் படிங்கன்னு சொன்னேன்.

தட்டான்:
ரெண்டு பேரும் தனி இழை ஆரம்பிச்சுக்குங்கப்பா. இன்னும் கியூஎன்ஹெச்ச யாரும் முழுசா மறுக்கல.

சப்ஃப்ரேம்4:
சார், நீங்க சொன்னதுதான். புது டேட்டாஃப்ரேம்ல ஐவிவி காலியா கிடக்கு. வெண்டர்கிட்ட சொல்லி மேப் பண்ணி மறுபடி ஓட்டினேன், முக்கால்வாசி போயிடுச்சு. மீதி கொஞ்சம் நிக்குது, அதுல கிளைட்ஸ்லோப்பும் மேல இருக்கு, உயரத்துல இருந்து அவசரமா இறக்கின மாதிரி. பொய் ஈவென்ட்ட எல்லாம் டெலிட் பண்ணிடவா? நன்றி நன்றி.

மடிப்பாக்கம்_மாமா:
டெலிட் பண்ணாத! இன்வாலிட்னு குறிச்சு காரணத்த எழுதி வை, நாளைக்கு ஆடிட்ல ஏன் எண்ணிக்கை குறைஞ்சுதுன்னு கேப்பாங்க. நிக்குற மீதிதான் போர்டுல பேச வேண்டியது, அந்தக் கூட்டத்துக்குள்ள அது ஒளிஞ்சிருந்துச்சு. யார் ஓட்டினாங்கன்னு பெயர் போடாம எந்த ஊர், எந்த ரன்வே முனை, காத்து என்னன்னு காட்டு.

இன்னொண்ணு, இதுதான் எனக்கு பயம். ஐவிவி-ய நம்பி எழுதின மத்த ஈவென்ட் எல்லாம்? எல்லாத்துக்கும் மாத்து வழி இருக்காது. 1000 அடி ஸ்டெபிலைஸ்டு அப்ரோச் செக் (அந்த உயரத்துலயே வேகம், பாதை, இறக்கம் எல்லாம் நிலையா இருக்கான்னு பார்க்கறது) ஐவிவி மட்டும்தான் பார்க்கும்னா, அந்த ரெண்டு டெயிலும் வந்த நாள்ல இருந்து அதுல ஒரு ஈவென்ட்டும் விழுந்திருக்காது. பூஜ்யம்னா நல்லா ஓட்டறாங்கன்னு அர்த்தம் இல்ல, யாரும் பார்க்கலன்னு அர்த்தம். டெயில் வாரியா ஈவென்ட் விகிதம் போட்டுப் பாரு, எங்கெல்லாம் பூஜ்யம் நிக்குதோ அங்கெல்லாம் சந்தேகப்படு. பழைய டேட்டாவையும் திரும்ப ஓட்டச் சொல்லு.

ஃபோக்வா_குரு:
கேப் 739-ல இருக்கறததான் சுத்தி வளைச்சு சொல்றீங்க.

விமானக்கனவு:
அண்ணே எல்லாருக்கும் வணக்கம், நான் ஏரோநாட்டிக்கல் கடைசி வருஷம், இந்த எஃப்டிஎம் வேலைக்கு பைத்தான் தெரிஞ்சா போதுமா, பைலட் லைசன்ஸ் வேணுமா?

கோபைலட்_சீட்:
பைத்தான் போதும் தம்பி. கூடவே காக்பிட் ஜம்ப் சீட்ல நாலு தடவ உக்காந்து பாரு.

மடிப்பாக்கம்_மாமா:
சப்ஃப்ரேம்4, போர்டு முடிஞ்சிருக்கும். அந்த 1000 அடி செக் அந்த ரெண்டு டெயில்ல பூஜ்யமா இல்லையா, பார்த்தியா?